காதைத் தொட்ட கை

என் பேத்திக்கு மூன்று வயது நிரம்பி நான்கு மாதம் ஆகிறது. அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒரு மாதமாக ஒரே அமளி. முதுகில் மாட்டும் பை வந்தது. பையைவிடக் குழந்தை கொஞ்சம்தான் பெரியவள். தண்ணீர்ப் புட்டி வந்தது; சாப்பாட்டு டப்பா வந்தது; எல்லாவற்றின் மேலும் பெயர் எழுதி ஒட்டும் காகிதம் வந்தது. என் மருமகள் ஒரு ஜாபிதா எழுதி ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டியிருந்தாள். தானாகச் சாப்பிட வேண்டும். ஒன்றுக்கு வந்தால் சொல்லத் தெரிய வேண்டும். செருப்பு வாரை மாட்டிக்கொள்ள வேண்டும். பேர் கேட்டால் பேர் சொல்ல வேண்டும். இரவு ஒன்பது மணிக்குத் தூங்க வேண்டும். 'இதில் பாதி எனக்கே வராதே அம்மா' என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே கவலை.

இதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் குழந்தையைக் 'கண்டு பேச' வரச் சொல்லியிருந்தார்கள். ஆப்பிள் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டார்களாம். குழந்தை கேள்வி கேட்ட அம்மாளைப் பரிதாபமாகப் பார்த்து, "உனக்கு வேணுமா?" என்றதாம். இடம் கிடைக்கவில்லை. வேறு பள்ளிக்கூடத்தில் கிடைத்தது.

இந்தச் சமயத்தில்தான் என் அக்கா ராயபுரத்திலிருந்து எங்கள் திருவொற்றியூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். எண்பதைத் தாண்டியவள். இன்னும் பஸ்ஸில்தான் வருவாள்; மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்துவிட்டது என்று சொன்னால், "அது உசரத்துல போவுதே" என்பாள். பையையும் புட்டியையும் ஜாபிதாவையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, காதைத் தொட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

மருமகளுக்கு விளங்கவில்லை. "காதுக்கு என்ன அத்தை?" என்றாள்.

என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த தேதி எழுதிய காகிதம் எதுவும் வீட்டில் இல்லாத காலத்தில், பள்ளிக்கூடத்தில் வயதைக் கண்டுபிடிக்க ஒரு கருவி இருந்தது. குழந்தை தன் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக் காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. சைத்தியத்தின்படி பார்த்தால், தலைக்குத் தக்கபடி கை நீண்டு காதை எட்டுவது ஆறு வயதை ஒட்டித்தான். ஆகவே ஐந்து முடிந்த பிள்ளைகள் பலர் வெளியே நின்றிருப்பார்கள். கை நீண்ட நான்கு வயதுப் பிள்ளைகள் சிலர் உள்ளே போயிருப்பார்கள். போனவர்களுக்குத் தலைமை ஆசிரியரே ஒரு பிறந்த தேதியும் கொடுத்தார். என் தலைமுறையில் பாதிப்பேர் பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தைச் சுற்றியே பிறந்திருப்பதன் ரகசியம் இதுதான்.

ஐந்து வயது என்ற கணக்கு மட்டும் பழைய கணக்கு. 1822-ல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ, ராஜதானி முழுவதும் எத்தனை பள்ளிக்கூடங்கள், எத்தனை பிள்ளைகள் என்று கலெக்டர்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். பல்லாரி கலெக்டர் காம்ப்பெல் 1823-ல் அனுப்பிய அறிக்கை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. பிள்ளைக்கு ஐந்து வயது ஆனதும், உபாத்தியாயரையும் பள்ளிப் பிள்ளைகள் அனைவரையும் பெற்றோர் வீட்டுக்கு அழைப்பார்கள் என்கிறார் அவர். எல்லோரும் பிள்ளையார் உருவத்தைச் சுற்றி வட்டமாக உட்காருவார்கள். புதுப் பிள்ளையைப் பிள்ளையாருக்கு நேர் எதிரே உட்கார வைப்பார்கள். உபாத்தியாயர் பக்கத்தில் அமர்ந்து, புத்தியைக் கொடு என்று வேண்டச் சொல்லி, பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைப்பார். மறுநாள் காலையிலிருந்து படிப்பு.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு முன் பள்ளிக்கூடம் பிள்ளையின் வீட்டுக்கு வந்துவிடுகிறது. நாளைக்குத் திண்ணையில் யார் யார் இருப்பார்களோ அவர்களை எல்லாம் இன்றைக்கே தன் வீட்டுக் கூடத்தில், தன் அம்மா செய்த பலகாரத்தைத் தின்னும் நிலையில், பிள்ளை பார்த்துவிடுகிறது. உபாத்தியாயரின் பிரம்பும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் பின்னால் வரப்போகின்றன என்பது வேறு விஷயம். பயம் தெளிய இதைவிட நல்ல ஏற்பாடு இன்றைக்கும் கிடையாது.

மன்றோ 1826-ல் கொடுத்த மொத்தக் கணக்கு 12,498 பள்ளிக்கூடங்கள், 1,88,650 பிள்ளைகள். இதில் பெண்பிள்ளைகள் 4,540. நாற்பது பையன்களுக்கு ஒரு பெண். சில இடங்களில் பெண்கள் வீட்டிலேயே கற்றிருக்கலாம் என்று சமாதானம் சொல்வதுண்டு. பெரிய வீடுகளில் கற்றிருக்கலாம்தான். மற்ற வீடுகளில் அந்தப் பெண் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதற்கு மன்றோ கலம் போடவில்லை.

மணலையும் அரிசியையும் பற்றிப் பேசும்போது ஆண்ட்ரூ பெல்லை விட முடியாது. ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1787-ல் சென்னைக்கு வந்தார். 1789-ல் எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பையன்களுக்காக ஏற்பட்ட விடுதிப் பள்ளிக்கு மேற்பார்வையாளர் ஆனார். ஒருநாள் காலை குதிரை மீது போகையில், நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார் என்று அவர் சரித்திரம் சொல்கிறது. உடனே தம் பள்ளிக்கும் மணலைக் கொண்டு வந்தார். பெரிய உபாத்தியாயர்களுக்கு இந்தப் புதுமை பிடிக்கவில்லை. எனவே எட்டு வயதுப் பையன் ஒருவனை அழைத்து, சின்னவர்களுக்கு நீ சொல்லிக் கொடு என்றார். அவன் பிரமாதமாகச் சொல்லிக் கொடுத்தான். நம் சட்டாம்பிள்ளை முறையேதான். 1797-ல் லண்டனில் பெல் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களில் எல்லாம் பரவியது. மெரினா மணலை நாம் ஏற்றுமதி செய்யவில்லை; மணலில் எழுதலாம் என்பதை ஏற்றுமதி செய்துவிட்டோம்.

எட்டு வயதுப் பிள்ளை சின்னப் பிள்ளைக்குக் குருவாக இருக்கலாம் என்று பெல் கண்டுபிடித்ததாக உலகம் கொண்டாடியது. ராயபுரத்தில் எந்தச் சந்தில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அந்தச் சந்துக்கு வருவதற்கு முன், நான் குடியிருக்கும் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல அனுமதிக்க வேண்டும்.

திருவொற்றியூர் கோயிலில் வியாகரண மண்டபம் என்று ஒன்று இருந்தது. பாணினி இலக்கணம் கற்பிக்கவும் மண்டபத்தைப் பேணவும் 13-ஆம் நூற்றாண்டில் நிலம் விட்டதாகக் கல்வெட்டு இருக்கிறது. சிவபெருமான் இங்கே 14 நாள் தோன்றிப் பாணினிக்கு 14 சூத்திரங்களை உபதேசித்தார் என்பது ஐதிகம். அந்தச் சூத்திரங்கள் வேறொன்றும் இல்லை, எழுத்துக்களின் வரிசை. அதாவது அரிச்சுவடி. நாளைக்கு ஒரு வரி வீதம் 14 நாள். பாணினிக்கே அப்படித்தான் பாடம் நடந்தது என்றால், ஒரே மாதத்தில் இருபத்தாறு ஆங்கில எழுத்தையும் குழந்தை ஒப்பிக்க வேண்டும் என்பவர்களை என்ன சொல்வது!

இதே கோயிலுக்கு ஏழுகிணற்றிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்த ஒரு பிள்ளை பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்று அடம்பிடித்த கதையும் உண்டு. இராமலிங்க அடிகள்தான். படிக்காத தம்பிக்குச் சோறு போடாதே என்று அண்ணன் சபாபதி உத்தரவு போட்டாராம். அண்ணி மட்டும் அவருக்குத் தெரியாமல் கொல்லைப்புறமாக அழைத்துச் சோறு போட்டாளாம். பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் என்று நாம் பெயர் எழுதி வைத்திருக்கும் பட்டியலில் கொல்லைப்புறத்தில் சோறு போட்டவர்கள் பெரும்பாலும் இல்லை.

ஐந்து வயதுக்கு மேல் திண்ணை இருந்தது. ஐந்து வயது வரை என்ன இருந்தது? பெரியவர்களைக் கேட்டால் தாத்தா மடி, பாட்டி கதை, முற்றம், நிலாச்சோறு என்பார்கள். பாட்டியும் முற்றமும் உள்ள வீடுகளுக்கு அது உண்மை. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கத்தில் 1856-ல் ரயில் வந்தது. பின்னாலேயே கிடங்குகளும் ஆலைகளும் வந்தன. துறைமுகம் வளர்ந்தது. பிழைக்க வந்த ஜனங்கள் பாட்டியை ஊரில் விட்டுவிட்டு வந்தார்கள். முற்றமும் ஊரோடு நின்றுவிட்டது. அம்மா விடியற்காலையில் மீன் கூடையோடோ, கிடங்கு வேலைக்கோ போய்விடுவாள். மிச்சம் இருந்தது அக்காவின் இடுப்பு.

எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா மிளகாய்க் கிடங்கில் காம்பு கிள்ளினாள். எடைக்குத்தான் கூலி. கைக்குழந்தையை அங்கே கொண்டுபோக முடியாது. நெடியில் பெரியவர்களே இருமி இருமிக் கண் சிவந்து வருவார்கள். 1950-ல் நான் பிறந்தபோது அக்காவுக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் அம்மா கிடங்குக்குத் திரும்பினாள். அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து நின்றாள். யாரும் அவளை நிறுத்தவில்லை என்றுதான் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அது சரிதான். 'நின்றுவிட்டாள்' என்றுதான் எல்லா வீட்டிலும் சொல்வார்கள்.

நினைத்துப் பார்த்தால், ஏழு வயது என்பது இந்த வட்டாரத்துக்குப் பழகிய எண்தான். 1881-ல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம், ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஆலையில் வைக்கக் கூடாது என்று தடுத்தது. ஏழு ஆனால் வைக்கலாம்; ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம். 1891-ல் அதை ஒன்பது வயது, ஏழு மணி நேரம் என்று திருத்தினார்கள். 1922-ல் பன்னிரண்டு வயது ஆயிற்று. அக்காவின் வேலை எந்தச் சட்டத்திலும் வரவில்லை. தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்வது வேலை என்று யார் சொன்னார்கள்?

சின்னக் குழந்தைகளின் பள்ளிக்கூடம் என்ற ஏற்பாடே உலகத்தில் இந்த மாதிரி இடங்களில்தான் பிறந்தது என்பதை நான் பின்னால் படித்து ஆச்சரியப்பட்டேன். பணக்காரர்களின் பூந்தோட்டத்தில் பிறந்தது என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் ஃப்ரோபெல் வைத்த 'கிண்டர்கார்ட்டன்' என்ற பெயருக்கு அர்த்தமே குழந்தைத் தோட்டம் அல்லவா? அவருக்கும் முன்னால், 1816-ல் ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் என்னும் ஆலை ஊரில், ராபர்ட் ஓவன் தம் பஞ்சாலைத் தொழிலாளிகளின் குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் திறந்தார். நடக்கத் தெரிந்தால் போதும், சேர்த்துக்கொள்வார்கள். பாட்டும் ஆட்டமும்தான் பாடம்.

அதைவிட ரஸமானது மரியா மாண்டிசோரியின் கதை. 1907 ஜனவரியில் ரோமாபுரியின் சான் லொரென்ஸோ பேட்டையில் அவர் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார். கூலிக்காரர்கள் குடியிருந்த அடுக்கு வீடுகள். அப்பா அம்மா வேலைக்குப் போனபின் குழந்தைகள் மாடிப்படியில் ஓடிச் சுவரையெல்லாம் கிறுக்கிப் பாழ்பண்ணின. கட்டடத்தைச் செப்பனிட்டவர்களுக்குச் சுவர் செலவு கட்டுப்படியாகவில்லை. அதைவிடக் குழந்தைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பது மலிவு என்று கணக்குப் போட்டார்கள். அப்படி வந்த இடத்தில்தான் மாண்டிசோரி அம்மையார் குழந்தைகளைக் கவனித்தார். உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, விரலால் தடவித் தடவி எழுத்தின் வடிவத்தைக் கற்க வைத்தார். மணலில் விரலை வைத்த நம் திண்ணைப் பிள்ளைக்கு இது அந்நியமாகத் தோன்றியிருக்காது.

அந்த அம்மையார் சென்னைக்கே வந்தார். 1939 நவம்பரில், பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்து, அடையாறுக்கு வந்து சேர்ந்தார். வயது அறுபத்தொன்பது. தேசம் முழுவதிலிருந்தும் ஏறக்குறைய 300 பேர் அவரிடம் பயிற்சி பெற வந்தார்கள். கொஞ்ச காலம் தங்கிப் போகத்தான் வந்தார். 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் இத்தாலியர்கள் எல்லோரும் சர்க்காருக்கு எதிரிகள் ஆனார்கள். அம்மையாரை அடையாறு வளாகத்தை விட்டுப் போகக்கூடாது என்றார்கள். கூட வந்த மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள்.

மரியோ யார்? உலகத்துக்கு மருமகன் என்றும் வளர்ப்புப் பிள்ளை என்றும் சொல்லப்பட்டவர். உண்மையில் அம்மையார் பெற்ற பிள்ளை. கல்யாணம் ஆகாமல் 1898-ல் பிறந்த குழந்தை. வெளியே தெரிந்தால் வைத்தியத் தொழிலும் போகும், பேரும் போகும். கிராமத்தில் ஒரு செவிலித்தாயிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவார். பையன் பதினைந்து வயதை எட்டிய பிறகுதான் தாயும் பிள்ளையும் ஒன்றாக வாழ ஆரம்பித்தார்கள். ஊரார் குழந்தைகளை எல்லாம் கவனித்த காலத்தில் தன் குழந்தை இன்னொருத்தி இடுப்பில். 1940 ஆகஸ்ட் 31 அம்மையாருடைய எழுபதாவது பிறந்தநாள். அன்று வைஸ்ராய் மரியோவை விடுதலை செய்து அனுப்பினார். மகனைத் திருப்பிக் கொடுப்பதே பிறந்தநாள் பரிசு என்று செய்தியும் வந்தது. 'மகன்' என்ற வார்த்தையை ஒரு சர்க்கார் பகிரங்கமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் 1946 வரை இந்தியாவில் இருந்தார். பிறகு மறுபடியும் வந்து 1949 வரை தங்கினார்.

அடையாற்றிலிருந்து ராயபுரம் பத்து மைலுக்குள்தான். சான் லொரென்ஸோவைப் போன்ற பேட்டை சென்னையில் எது என்று கேட்டால் வடக்கே கையைக் காட்டியிருக்கலாம். காட்ட யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. கூலிக்காரர் வீட்டுக் குழந்தைக்காகத் தோன்றிய முறை, தென் சென்னையில் சம்பளம் கட்டக்கூடியவர்களின் குழந்தைகளுக்கு ஆயிற்று. அம்மையார் தம் வகுப்புகளை நடத்திச் சில வருஷங்களுக்குப் பிறகு, அதே நகரத்தின் வடகோடியில் நான் அக்காவின் இடுப்பிலிருந்து உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா எனக்குக் கற்றுக் கொடுத்தவை கொஞ்சம் அல்ல. அவளுக்குத் தெரிந்த இரண்டாம் வகுப்பு முழுவதையும் எனக்குக் கொடுத்துவிட்டாள். காசிமேட்டுக் கரையில் உட்கார வைத்து ஈர மணலில் 'அ' எழுதுவாள், அலை வந்து அழிக்கும், மறுபடி எழுதுவாள். கட்டுமரங்களை எண்ணச் சொல்வாள். இருபதுக்கு மேல் எண்ணினால் வறுகடலை. கூட்ஸ் வண்டி போனால் பெட்டிகளை எண்ண வேண்டும். நான் ஐந்து வயதை நெருங்கியதும் பயிற்சி மாறியது. தினம் சாயங்காலம் விளக்கு வைத்தவுடன் சுவர் ஓரமாக நிறுத்தி, "கையை வளைடா" என்பாள். விரல் காதுக்கு மேலே இரண்டு அங்குலத்தில் நின்றுவிடும். நெல்லிக்காய் அளவு தலை இருந்தால் எட்டியிருக்கும். எனக்கு வாய்த்த தலை அப்படி. ஒரு வாரம் பார்த்தாள். பிறகு, "தலையைக் கொஞ்சம் சாச்சுக்கோ, தெரியாத மாதிரி" என்று ரகசியம் சொல்லிக் கொடுத்தாள்.

1955 ஜூன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை. அக்காதான் என்னை அழைத்துப் போனாள். தேங்காய் எண்ணெய் வழிய வழியத் தலை வாரி, துவைத்த சட்டை போட்டு, இடுப்பில் தூக்காமல் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். இனிமேல் இடுப்பு கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பெரிய வாத்தியார் கையை வளைக்கச் சொன்னார். நான் தலையைச் சாய்த்தேன். சாய்த்தது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே பெயரை எழுதினார்.

எழுதி முடித்து, அக்காவைப் பார்த்து, "நீ எந்த வகுப்பு?" என்று கேட்டார்.

"ரெண்டு சார்" என்றாள் அக்கா. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

வாத்தியார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். நான் பெஞ்சில் போய் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா உடனே போகவில்லை. வேப்பமரத்தடியில் மணி அடிக்கும்வரை நின்றிருந்தாள். என்னை விட்டுப் போக மனமில்லாமல் நிற்கிறாள் என்றுதான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பள்ளியில் சேர்ந்துவிட்டால் தன் கை காலியாகும், தானும் விட்ட இடத்தில் தொடரலாம் என்று ஐந்து வருஷமாக அவள் காத்திருந்தாள் என்பதை, எனக்கு ஐம்பது வயது ஆனபிறகு, வேறு ஏதோ பேச்சில் சொன்னாள். இரண்டாம் வகுப்பு பெஞ்சில் பன்னிரண்டு வயதுப் பெண்ணை உட்கார வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த மாதமே அம்மாவோடு மிளகாய்க் காம்பு கிள்ளப் போனாள்.

சட்டம் ஒன்று அப்போதே இருந்தது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48-ஆவது பிரிவு, ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட அவர்கள் குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றது. 1976-ல் ஐம்பதை முப்பதாகக் குறைத்தார்கள். அம்மாவின் கிடங்கில் பன்னிரண்டு பெண்கள். தொழிற்சாலை என்று அதை யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

இடுப்பில் குழந்தையோடு நிற்கும் அக்காவைக் கணக்கில் எடுத்துக்கொண்டவர்கள், எனக்குத் தெரிந்து, மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக்கும் அவருடைய சிஷ்யை அனுதாய் வாக்கும். தாராபாய் மாண்டிசோரி முறையில் ஊறியவர். 1945-ல் போர்டி என்ற கடலோர ஊரில் ஏழைகளுக்குப் பாலவாடி திறந்தார். சேரிக் குழந்தைகள் வரவில்லை. சரி, நாமே போவோம் என்று அவர்கள் குடிசை வாசலுக்கே பள்ளிக்கூடத்தைக் கொண்டுபோனார். 'அங்கன்' என்றால் முற்றம். 'அங்கன்வாடி' என்ற சொல் அப்படி வந்தது. 1957-ல் கோஸ்பாட் என்ற பழங்குடி ஊருக்குப் போனபோது வேறொரு சிக்கல். பெரிய பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. வந்தாலும் இடுப்பில் ஒரு குழந்தை. விரட்டாமல், தொட்டில் அறை, பாலவாடி, ஆரம்பப் பள்ளி மூன்றையும் ஒரே கூரைக்குள் வைத்தார்கள். தம்பியைத் தொட்டிலில் விட்டுவிட்டு அக்கா பக்கத்து அறையில் போய்ப் படிக்கலாம். இதைக் கண்டுபிடிக்க எந்தப் பெரிய சாஸ்திரமும் வேண்டியிருக்கவில்லை. குழந்தை யார் இடுப்பில் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

1975 அக்டோபர் 2-ஆம் தேதி மத்திய சர்க்கார் குழந்தை வளர்ச்சித் திட்டத்தை நாடு முழுவதும் 33 இடங்களில் தொடங்கியபோது, தாராபாயின் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டது. நம் மாகாணத்தில் கூட்டத்தைக் கூட்டியது சோறுதான். பள்ளியில் மதியச் சோறு என்பது சென்னைக்குப் பழைய சங்கதி. 1920-ல் நகரசபைத் தலைவராக இருந்த பிட்டி தியாகராயச் செட்டியார், ஆயிரம் விளக்கு நகரசபைப் பள்ளியில் பிள்ளைக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் பலகாரம் கொடுக்க ஏற்பாடு செய்தார். வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரால் கல்லூரி இருக்கிறது. காமராஜர் 1956-ல் அதை மாநிலம் முழுவதற்கும் விரித்தார். ஆனால் அதெல்லாம் காதைத் தொட்ட பிள்ளைகளுக்கு. காதைத் தொடாத பிள்ளைக்கும் சோறு என்று ஆனது 1982-ல், எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது. ஜூலை முதல் தேதி கிராமங்களில் ஆரம்பித்தது. செப்டம்பர் 15-ல் நகரங்களுக்கு வந்தது. இரண்டு வயது ஆனால் போதும். பள்ளிக்கு அனுப்ப ஒரு தட்டு போதும்.

அந்த மையங்களில் வேலைக்கு, ஆதரவில்லாத பெண்களுக்கும் விதவைகளுக்கும் முன்னுரிமை என்றார்கள். அக்கா அப்போது புருஷனை இழந்து மூன்று வருஷம். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஆயா வேலை கிடைத்தது. சொற்பச் சம்பளம். அதை வைத்துக்கொண்டுதான் இரண்டு பெண்களையும் படிக்க வைத்தாள். ஏழு வயதில் சும்மா செய்த வேலையை முப்பத்தொன்பது வயதில் சம்பளத்துக்குச் செய்கிறேன் என்று சிரிப்பாள்.

இருபது வருஷத்தில் அவள் கையால் எத்தனை குழந்தைகள் பள்ளிக்குப் பழகியிருக்கும் என்று கணக்குக் கிடையாது. ஆனால் அவளிடம் ஒரு சாஸ்திரம் உண்டு. குழந்தை வேடிக்கை பார்க்கும்போது அம்மா நழுவி ஓடக்கூடாது. "சொல்லிட்டுப் போ, அழுதாலும் பரவாயில்லை. ஏமாத்திட்டுப் போனா நாளைக்கு உன் முந்தானையை விடாது" என்பாள். எப்போது வருவேன் என்று மணியில் சொல்லக்கூடாது, குழந்தைக்கு மணி தெரியாது; சோறு தின்றதும் வருவேன் என்று சொல்ல வேண்டும், சொன்னபடி வர வேண்டும். அம்மாவின் பழைய புடவையில் கைக்குட்டை அளவு கிழித்துப் பையில் வைக்க வேண்டும், வாசனைக்கு. அதைத் துவைக்கக்கூடாது. ஒரு வாரம் போனால் குழந்தையே அதை எங்கேயாவது போட்டுவிட்டு வரும், அப்போது தேடக்கூடாது. எழுத்து, எண் எதுவும் இந்தச் சாஸ்திரத்தில் இல்லை.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு இருந்தது. தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு மையத்து வாசலுக்கு வரும் பெண்ணிடம் முதலில், "நீ எந்த கிளாஸு?" என்றுதான் கேட்பாள். பதில் தடுமாறினால் அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போய்விடுவாள். சண்டை போட்டிருக்கிறாள். வசவு வாங்கியிருக்கிறாள். சின்னதை இங்கே விட்டாயிற்று, பெரியதை அங்கே அனுப்பு என்பது அவள் கட்சி. எத்தனை வீட்டில் ஜெயித்தாள் என்று கேட்டேன். "பாதி" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாதிக்கும் கம்மி" என்று திருத்திக்கொண்டாள்.

2019 ஜனவரியில், அரசுப் பள்ளிகளை ஒட்டிய 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கினார்கள். அந்தச் செய்தியைப் படித்துக் காட்டியபோது அக்கா, "பேரு புதுசு" என்று மட்டும் சொன்னாள்.

பேத்தியின் பள்ளிக்கூட முதல்நாளுக்கு அக்கா இருந்து போனாள். மருமகளின் ஜாபிதாவில் ஒரு வரி கூடியிருந்தது: பழைய புடவைத் துண்டு. புறப்படுமுன், யார் தடுத்தும் கேளாமல், குழந்தையைச் சுவரோரம் நிறுத்திக் கையை வளைக்கச் சொன்னாள். மூன்று வயதுக் கை உச்சந்தலையோடு நின்றுவிட்டது. "பரவாயில்ல, வரும்" என்றாள்.

வாசலில் குழந்தை அழுதாள். மருமகள் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். திரும்பி வரும் வழியில் அக்காவுக்குக் கால் வலித்தது. டீக்கடை வாசலில் நின்றோம். கடைக்காரர் வீட்டுப் பெண் போலிருக்கிறது, பத்து வயது இருக்கும், இடுப்பில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, நீ எந்த கிளாஸு?" என்றாள் அக்கா.

"அஞ்சாவது, பாட்டி."

"இன்னிக்கு ஸ்கூல் இல்லியா?"

"எங்களுக்கு நாளைக்குத்தான் தொறக்கிறாங்க."

எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டாள். டீச்சர் பேர் கேட்டாள். போன வருஷத்து டீச்சர் பேரும் கேட்டாள். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னாள். அக்கா டீயைக் கையில் எடுத்துக்கொண்டு, கடைக்காரரைப் பார்த்து, "நாளைக்கு இந்த வழியாத்தான் போவேன்" என்றாள்.